புல்வெளியும் வறட்சிப் படமும்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு எல்லையில் செர்ரி என்றொரு மாவட்டம் உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர்; கனெக்டிகட் மாநிலத்தை விடவும் பெரியது. ஆயினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்த மக்கள் 5,455 பேர் மட்டுமே. மாவட்டத் தலைநகரான வாலன்டைனை விட்டுத் தெற்கே சென்றால், புல் போர்த்திய மணற்குன்றுகள் அலையலையாய் விரியக் காண்கிறோம். குன்றுகளுக்கிடையே சிறு ஏரிகள். தொட்டிகளுக்கு நீர் இறைக்கும் காற்றாடிகள். எங்கும் மாட்டு மந்தைகள். இறைச்சிக்காக மாடு வளர்ப்பதில் அந்நாட்டின் முன்னணி மாவட்டங்களுள் இதுவும் ஒன்று.

இம்மண்ணில் அரசின் கை படிந்தது இன்று நேற்றன்று. 1904ஆம் ஆண்டின் கின்கெய்டு சட்டம், மேற்கு நெப்ராஸ்காவில் குடியேறிய குடும்பத்துக்கு 640 ஏக்கர் நிலத்தை இலவசமாய் வழங்கிற்று. மணல் உழவுக்கு இணங்கவில்லை. பலர் நிலத்தை விற்று வெளியேறினர். மாடு வளர்ப்போரின் பண்ணைகள் பெருகின.

மழை பொய்த்தால் புல் பொய்க்கும். புல் பொய்த்தால் தீவனம் வாங்க வேண்டும், அல்லது மாட்டை விற்க வேண்டும். இவ்விடரைத் தணிக்க 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் மேய்ச்சல் வறட்சி நிவாரணத்தை ஏற்படுத்தியது. அதன் காலவரை 2011 செப்டம்பரில் முடிவுற்றது. அடுத்த ஆண்டே, 2012இல், நெப்ராஸ்கா தன் வரலாற்றிலேயே மிக வறண்ட ஆண்டைக் கண்டது. உதவி இன்றிப் பலர் தலைமுறைகளாய்ப் பேணிய பசுக்களைச் சந்தைக்கு ஓட்டினர். 2014இல் புதிய சட்டம் நிவாரணத்தை நிலையாக்கி, 2011 அக்டோபர் முதல் ஏற்பட்ட இழப்புக்கும் பணம் தந்தது. பணம் வந்தது, விற்ற மந்தை திரும்பவில்லை. அவ்வாண்டு சனவரியில் நாடு முழுவதும் இருந்த மாடுகளின் எண்ணிக்கை 1951க்குப் பின் மிகக் குறைவாயிற்று.

இன்று உதவி விரைந்து வருவதற்குக் காரணம் ஒரு வரைபடம். நாட்டின் வறட்சியைப் படிப்படியாகக் குறித்து வியாழன்தோறும் அது வெளியாகிறது. மேய்ச்சல் பருவத்தில் மாவட்டத்தின் ஏதேனும் ஒரு மூலையில் ‘அதிதீவிர வறட்சி’ எனப் பதிவானால் போதும். மாவட்டம் முழுவதுமே நிவாரணத்துக்குத் தகுதி பெறும். ஒவ்வொரு பண்ணையின் புல்லையும் தனித்தனியே அளந்து பார்ப்பதில்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. செர்ரி போன்ற பெருமாவட்டத்தில் மேற்கு மூலை காய்ந்து கிடக்க, கிழக்கு மூலையில் மழை பெய்திருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றே. மாடுகளின் எண்ணிக்கையும் மேய்ச்சல் நிலமும் கூடக்கூடத் தொகையும் கூடும். 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என வரம்பு கட்டியது. சொந்த மாடில்லாத பண்ணைக் கூலியாளுக்கோ இத்திட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் குன்று குன்றாய் ஏறிப் புல்லை அளந்த பின்னரே கொடுக்கலாமே எனக் கேட்போம். அத்தனை பெரிய வெளியை அளந்து முடிக்குமுன் மந்தை சந்தைக்குப் போய்விடும். காலந்தாழ்ந்த உதவியின் விலையை 2012 நமக்குக் காட்டிற்று. விரைவை நாடினால் நுணுக்கம் குறைகிறது; நுணுக்கத்தை நாடினால் விரைவு குறைகிறது.

எனினும் வரைபடம் அறியாததை அயலார் அறிவர். இத்தகைய வேளாண் உதவிகளை மாவட்ட அளவில் மேற்பார்க்கும் குழுவில் அமர்பவர்கள், அங்குள்ள விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விவசாயிகள். எவர் வேலிக்குள் மழை பெய்தது, எவர் தொட்டி வற்றியது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. சட்டம் தகுதியைத்தான் வகுத்துரைக்கும். தகுதியிருந்தும், தேவையில்லாதபோது விண்ணப்பத்தில் கையொப்பமிடாதிருக்கும் நேர்மையை எந்தச் சட்டமும் வகுத்துத் தர இயலாது. அது அவ்வப் பண்ணை வீட்டில், குடும்பத்தார் கூடி அமர்ந்து எடுக்க வேண்டிய முடிவேயாகும்.