ஓரத்தில் நின்ற ஆள்

1986-ல் எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்தார்கள். திண்ணையில் டி.வி., தெருவில் பாய், விடிய விடிய மூன்று படம். முதல் படம் 'ராஜராஜ சோழன்', அப்பாவின் சிபாரிசு. தமிழில் வந்த முதல் சினிமாஸ்கோப் படம் அது. 1973-ல் திருச்சியில் மூன்று தடவை பார்த்திருந்தார்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அப்பா முனகத் தொடங்கிவிட்டார். "இந்த ஓரத்துல ஒரு ஆள் நிப்பானே, எங்கடா காணோம்?" அப்புறம், "பாட்டு ஏன் இப்படி ஓடுது? சுருதி ஏறிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். "பதிமூணு வருஷம் ஆச்சுப்பா, நீங்களா எதையோ சேத்துக்கறீங்க" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், "ஓரத்துல ஒரு ஆள் நிப்பானாம்" என்பது எங்கள் வீட்டு ஜோக் ஆகிவிட்டது.

அவர் சொன்ன இரண்டுமே நிஜம் என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

சினிமாஸ்கோப் படத்தின் உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. பழைய டி.வி.யின் அகலமோ 1.33 பங்குதான். திரை நிறையப் படம் தெரிய வேண்டுமென்றால் இரு பக்கமும் வெட்டத்தான் வேண்டும். கணக்குப் போட்டால் நூற்றில் 43 பங்கு அவுட்! அந்தக் காலத்து கேசட்களில் டைட்டில் ஓடும்போது மட்டும் எல்லோரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பெயர்கள் அறுபடக்கூடாது என்பதற்காக அதுவரை முழுப் படத்தையும் நெருக்கி அடைத்திருப்பார்கள். டைட்டில் முடிந்ததும் கத்திரி. இருவர் இரண்டு ஓரத்தில் நின்று பேசினால் நமக்குக் கிடைப்பது நடுவில் ஒரு தூணும் இரண்டு மூக்கு நுனிகளும்.

சுருதி விஷயம் இன்னும் விசேஷம். சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நம் ஊர் டி.வி.யின் பால் முறைக்கு 25 வேண்டும். சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாக முடிந்துவிடும். பாட்டு அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். நமக்குத் தெரியாது. அப்பா பஜனை மடத்தில் ஹார்மோனியம் வாசித்தவர்.

வி.சி.டி. வந்தது. படத்துக்கு மொத்தமே ஒரு லட்சம் புள்ளி. மழை பெய்தால் ஹீரோயின் முகம் கட்டம் கட்டமாக உடையும். டி.வி.டி.யில் நாலு லட்சம் ஆனது, படத்தை வெட்டாமலும் கொடுத்தார்கள். "மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை, டிஸ்க் டூப்ளிகேட்" என்று என் மச்சினன் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெட்டின படத்தையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றைக்கு வீட்டில் மாட்டுகிற 4கே டி.வி.யில் 83 லட்சம் புள்ளி. 2கே புரொஜக்டர் வைத்த தியேட்டரில்கூட 22 லட்சம்தான்.

அப்பா 2001-ல் போய்விட்டார். டி.வி.டி.கூட எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

போன மாதம் அதே படம் முழு அகலத்தில் பார்க்கக் கிடைத்தது. சபைக் காட்சி வந்தது. வலது ஓரத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். நிறுத்தி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அவர்தான் அன்னிக்கே சொன்னாரே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.