கல்லாப்பெட்டியில் 786



786 என்னும் எண்ணில் முடியும் ரூபாய்த் தாள் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடும். இருந்தால் என் அனுபவத்தைச் சற்றுக் கேளுங்கள்.

தென்காசியில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 'பிஸ்மில்லாஹ்' வாசகத்தின் அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 786 வரும் என்பர். அந்தப் பற்றினால், கல்லாவுக்கு வரும் அத்தகைய தாள்களைப் பல்லாண்டுகளாக எடுத்து வைத்து வந்தேன்.

2023ஆம் ஆண்டு கைபேசியில் ஒரு விளம்பரம் கண்டேன். 786 என்று முடியும் 10 ரூபாய்த் தாளுக்கு 3 லட்சம் ரூபாயாம்! படம் பிடித்து அனுப்பினேன். பதிவுக் கட்டணமென 1,500 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். மறுநாள் வரியென 4,000 ரூபாய்; அதையும் கொடுத்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக வைத்திருந்த பணம் அது. மூன்றாம் முறை கேட்டபோதுதான் ஐயம் எழுந்தது.

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குச் செல்லும் வழியில் பழைய நாணயங்களும் தபால்தலைகளும் விற்கும் பெரியவர் ஒருவரிடம் என் தாள்களைக் காட்டினேன்.

"பாய், இதற்கு 30 ரூபாய் தரலாம். மடிப்பு விழாதிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆயிரம் தாள்களை வரிசையாக அடுக்கினால் அதில் ஒன்று 786 என்றுதானே முடியும்? இதில் அபூர்வம் எங்கே? அச்சுப் பிழையுள்ள தாள், ஆறு இலக்கமும் ஒன்றாக அமைந்த தாள், இவற்றைத்தான் சேகரிப்போர் தேடுவர். அப்போதும் வாங்க ஆள் வந்தால்தான் விலை" என்றார்.

எத்தனை எளிய கணக்கு! நாள்தோறும் கணக்குப் பார்க்கும் எனக்கு அது தோன்றவில்லையே! பேராசை அறிவை மறைத்துவிட்டது.

பழைய தாள், நாணய விற்பனைக்காகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாம் என்றும், தான் இத்தகைய கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதமே எச்சரித்திருந்தது. பணத்தை இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடலாம் என்பதையும் பிறகே அறிந்தேன்.

சிறுவயதில் தீப்பெட்டிப் படங்களைத் தோழர்களுடன் மாற்றிக்கொண்டோம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினோம், ஏமாற்றம் இருந்ததில்லை. விற்பவன் பணம் பெறவேண்டியவன்; அவனிடமே பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்?

அன்றிரவு மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "வாப்பா, பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே கடையைத் திறப்பீர்கள்? அதன் எண்ணையே விற்கத் துணியலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அத்தாள்கள் அனைத்தையும் சில்லறையோடு சில்லறையாகக் கல்லாவில் சேர்த்துவிட்டேன்.