இளவரசி வீட்டு வராந்தா

"அத்தான், மியூசியம் போலாம் வாங்க" என்று மச்சான் கூப்பிட்டபோது ஏ.சி. ஹால், கண்ணாடிப் பெட்டி, கொட்டாவி என்றுதான் நினைத்தேன். ஃபுளோரிடாவின் தலைநகர் டாலஹாசியில் இருக்கும் அந்த மியூசியத்துக்குக் கூரையே கிடையாது! 52 ஏக்கர் காடு. நாம் மரப்பலகைப் பாதையில் நடக்கிறோம். உள்ளூர் முதலை, கரடி, பூமா எல்லாம் அதுபாட்டுக்கு இருக்கின்றன.

"ஓநாய் எங்கேடா?"

"தூங்குது அத்தான். நாமதான் தேடணும்."

கால் மணி நேரம் தேடியதில் புதருக்குப் பின்னால் இரண்டு காது தெரிந்தது. சிவப்பு ஓநாய். லேசுப்பட்ட காது இல்லை சார் அது! 1980-ல் காட்டில் இந்த இனமே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மனிதர் வளர்ப்பில் மிஞ்சிய 14 ஓநாய்களின் வாரிசுகள்தான் இன்றைக்கு இருப்பவை. 1987-ல் வட கரோலினாவில் சிலவற்றைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதை வம்சாவளி பார்த்தே முடிவு செய்கிறார்களாம். நம்ம ஊர்க் கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள்.

அடுத்து 1880-களின் பண்ணை. கிணறு, தானியக் கொட்டகை, கோழி... நம்ம பாட்டி வீடுதான். இதற்கா டிக்கெட்?

அதைத் தாண்டினால் ஒரு பழைய மர வீடு. நெப்போலியனின் சகோதரி மகன் அஷீல் முராவின் மனைவி கேதரின், கணவர் இறந்தபின் 1854-ல் வாங்கிய வீடு. அந்த அம்மாள் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் சொந்தம். வீட்டை 1967-ல் அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். விடுவேனா? வராந்தாவில் கால்மேல் கால் போட்டு, ஜமீன்தார் மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மச்சானின் ஒன்பது வயசு மகள் போர்டைப் படித்துவிட்டு வந்தாள். "மாமா, இது பருத்தித் தோட்டமாம். பருத்தியை யார் எடுத்தாங்க? இளவரசியா?"

அடிமைகள் எடுத்தார்கள். ஓநாய்க்குத் தாத்தா பாட்டி வரைக்கும் விசாரித்த எனக்கு, அவர்களைப் பற்றி ஒரு கேள்வி கூடத் தோன்றவில்லை. போட்டோவுக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

மச்சான் ஒன்றும் சொல்லாமல் எங்களை இன்னொரு கட்டடத்துக்குக் கூட்டிப் போனான். ஒரே அறை. விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். அப்பன் பாட்டனுக்கு எட்டாத எழுத்தை இங்கேதான் படித்திருக்கிறார்கள்.

இங்கே நான் போட்டோ கேட்கவில்லை. அவள்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "மாமா, நீங்களும் வாங்க" என்று இடம் விட்டாள்.