கனிவு மட்டும் போதாது

திருத்தங்கலில் பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், பெண்பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் பதில் நர்சிங். அம்மா பட்டாசு ஆபீசில் சரம் பின்னுகிறார். மகளாவது மருந்துத் தூள் படாத சீருடை போடட்டும் என்பது அவருடைய ஆசை. மாலை வகுப்பு நடத்துகிற நாங்கள் இந்த ஆசையைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறோம். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது.

நர்ஸ் என்றால் பொறுமையும் கனிவும் இருந்தால் போதும் என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் மண்ணில் அது போதாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஓம்சக்தி பட்டாசு ஆலை வெடித்தபோது 40 பேர் வரை இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். தீக்காயம் பட்டவர்களைச் சிவகாசிக்கும், அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்களுக்குப் பழகிப்போன கொடுமை. அந்த ஓட்டத்தில் நர்ஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 30 சதவீதம் வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாடத்தில் வரும் பார்க்லேண்ட் கணக்குப்படி 4-ஐ எடையால் பெருக்கி, அதைத் தீக்காயச் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 7,200 மில்லி வருகிறது. முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவம் அவ்வளவு. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தொடங்குவது ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, வெந்த நேரத்திலிருந்து. ஆம்புலன்சில் 2 மணி நேரம் போய்விட்டால், 3,600 மில்லியை மீதி 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். பிறகு மணிக்கு ஒருமுறை சிறுநீரை அளக்க வேண்டும். அது மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும். திரவத்தை எழுதிக் கொடுப்பவர் டாக்டர்தான். இரவெல்லாம் பக்கத்தில் நின்று அளந்து, ஆபத்தை முதலில் கண்டுபிடிப்பவர் நர்ஸ்.

இதற்குப் படிப்பு வேண்டும். 2014-ல் லின்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். பட்டம் பெற்ற நர்சுகளின் விகிதம் 10 சதவீதம் கூடிய இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது.

படிப்போடு அதிகாரமும் வேண்டும். ராத்திரி 2 மணிக்கு டாக்டரை எழுப்பிய இளம் நர்சை மறுநாள் திட்டினால், அடுத்த முறை அவர் எழுப்பத் தயங்குவார். "எழுப்பியது சரிதான்" என்று முன்னால் வந்து நிற்கிற வார்டு இன்சார்ஜ்தான் தலைமை. வேலை நிரந்தரமில்லாதவருக்கு அந்தத் துணிச்சல் எப்படி வரும்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-ல் எடுக்கப்பட்ட நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியது சம்பளத்துக்காக மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. வார்டில் வாய் திறந்து பேசும் பலத்துக்காகவும்தான்.

இதில் சாதி எங்கே வருகிறது? ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று சொன்ன சமூகம் இது. கிராமங்களில் தொப்புள்கொடி அறுக்கும் வேலையை நம் சேரிப் பெண்கள் தலையிலும் மருத்துவர் சமூகப் பெண்கள் தலையிலும் கட்டி, கூலியாக நெல்லைக் கொடுத்து அனுப்பியது. அதே வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் வந்தபோது, வாசலில் பட்டப்படிப்பு நின்றது. ஆயா, துப்புரவு, அசிஸ்டென்ட் வேலைகளில் நம் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கண்காணிப்பாளர் நாற்காலியில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1848-ல் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலேதான் 1897 பிளேக்கில் நோயாளிகளைக் காக்கப் போய் உயிரை விட்டார். கல்வியும் பராமரிப்பும் அவரிடம் இரண்டு வேலைகளாக இருக்கவில்லை.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தங்கச்சி, பக்கத்து ஊர் நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கிப் பணம் கட்டி ஒரு வருடம் படித்தாள். கையில் கிடைத்த சான்றிதழை வைத்து நர்சாகப் பதிவு செய்யவே முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கிளினிக்கில் பெருக்கிக்கொண்டு, ஊசியும் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்குக் கனிவு நிறையவே இருந்தது.

ஆகவே தோழர்களே, பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் அங்கீகாரமும் உண்டா என்று பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அது சலுகை அல்ல, உரிமை. டிப்ளமோ முடித்த அக்காமார்களை 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்யுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. அங்கே வார்டை நடத்தவும் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கவும் நம் பெண்கள் போக வேண்டும். அடுத்த வெடி விபத்தில் தூக்கி வரப்படுவது நம் ஆட்களாகத்தான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முடிவெடுப்பவரும் நம் ஆளாக இருக்கட்டும்.