பாரிமுனை, டேர் ஹவுஸ்

"பாரிஸ், பாரிஸ்!" கண்டக்டர் குரல் கேட்டால் இன்றும் மனசு எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுகிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து அப்பா கையைப் பிடித்து வந்து இறங்கிய இடம் இது. நிமிர்ந்தால் டேர் ஹவுஸ்.

1940-ல் எழுந்த கட்டடம். தூணும் வளைவும் குவிமாடமுமாக நின்ற உயர்நீதிமன்றத்துக்கு எதிரில், அலங்காரத்தைக் குறைத்து நேர்கோடுகளால் எழும்பிய ஆர்ட் டெகோ பாணி. அன்றைய சென்னைக்கு எவ்வளவு புதுசாக இருந்திருக்கும்! பெயருக்குரிய டேர், பாரி கம்பெனியின் பங்குதாரர். ஆனால் ஊர் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. 1788-ல் வியாபாரம் தொடங்கிய வேல்ஸ்காரர் தாமஸ் பாரியின் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. அவர் 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்துபோனார்.

இன்று மறுபடி போனேன். அப்பா ஒருமுறை காட்டிய கல்தூணைத் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு, கோட்டையைச் சுற்றி எதிரி மறைய இடமிருக்கக் கூடாதென்று வீடுகளை இடித்தார்கள். 'இதைத் தாண்டிக் கட்டாதே' என்று 1773-ல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். எத்தனை குடும்பங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. அந்தக் கல்லுக்கு ஒரு நல்ல பலகையாவது வைக்க வேண்டும், தமிழில்.

பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். அப்பா இருந்திருந்தால் இன்றைக்கும் கூட வந்திருப்பார்.