அம்பிகாபதியும் அவையோரும்

காவிரி பாயும் நம் நாட்டில் புலவர் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பர் பிறந்ததாகப் போற்றப்படும் தேரழுந்தூர் மயிலாடுதுறைக்கு அருகில் உள்ளது. ஒட்டக்கூத்தர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கலைமகள் கோயிலைக் கொண்ட கூத்தனூர் பூந்தோட்டத்தை அடுத்து அமைந்துள்ளது. இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் சென்று மீளலாம். ஆயின் அவ்விரு புலவர்க்குமிடையே நம் மக்கள் கட்டி வைத்த பகைக்கதையின் தூரம் பெரிது. அப்பகையின் நடுவே நின்று தலையைக் கொடுத்தவனாகச் சொல்லப்படுபவன் கம்பர் மகன் அம்பிகாபதி.

கதை யாவரும் அறிந்தது. சோழன் மகள் அமராவதியும் அம்பிகாபதியும் காதல் கொள்கின்றனர். அரண்மனை விருந்தில் அவள் உணவு ஏந்தி வரும் நடையைக் கண்ட அவன் தன்னை மறந்து பாடத் தொடங்குகிறான். உடனிருந்த தந்தை அப்பாடலின் பின்பாதியைத் தாம் பாடி, தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுப் போகும் ஒருத்தியைப் பற்றிய பாட்டாக அதனைத் திருப்பிவிடுகிறார். அன்று தமிழ் அவனைக் காத்தது. காதல் வெளிப்பட்டபின் அவனுக்கு ஒரு சோதனை வைக்கப்படுகிறது. சிற்றின்பம் ஓரிழையும் கலவாமல் பேரின்பம் பற்றி நூறு பாடல்கள் பாட வேண்டும். பாடினால் வாழ்வு, தவறினால் சாவு. திரைமறைவிலிருந்து பூக்களை வைத்து எண்ணிய அமராவதி, காப்புச் செய்யுளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறாள். நூறு முடிந்ததென்று அவள் முகம் காட்ட, அவன் அம்முகத்தைப் பாடிவிடுகிறான். தொண்ணூற்றொன்பதே ஆயிற்று. அவன் உயிர் போயிற்று; அவள் உயிரும் உடன் போயிற்று.

இஃது வரலாறு அன்று. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் உலாப் பாடியவர் என்பது உறுதி. கம்பர் காலம் பற்றியோ அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு. அம்பிகாபதி, அமராவதி காதல் செவிவழியாகவும் தனிப்பாடல் மரபு வழியாகவும் வந்த கதை. எனினும் வரலாறு ஆகாத இக்கதை தமிழ்த் திரையில் இருமுறை பாட்டும் இசையுமாகப் பெருவாழ்வு பெற்றது.

முதலாவது படம் 1937-ஆம் ஆண்டு வந்தது. தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். உரையாடல் எழுதியவர் இளங்கோவன். மாடத்தில் நின்று காதலர் பேசும் காட்சி ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகச் சாயலில் அமைந்தது. சோழநாட்டுக் கதைக்கு ஆங்கில நாட்டுக் கவிஞர் உதவிய புதுமை அது. நாயகனாக நடித்துப் பாடியவர் மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், பாடல்கள் பாபநாசம் சிவன். இரண்டாவது படம் 1957-இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் வெளிவந்தது. சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க, ஜி. இராமநாதன் இசையமைத்தார். அம்பிகாபதிக்கு டி.எம். சௌந்தரராசன் குரல் கொடுத்தார். பானுமதி தம் பாடல்களைத் தாமே பாடினார்.

இவ்விரு படங்களில் எது சிறந்தது என்னும் வழக்கு எங்கள் வீட்டிலேயே தீராமல் நடந்தது. என் பாட்டனார் பாகவதர் கட்சி. நடிப்பவனே பாட வேண்டும், இரவல் குரலில் காதலிப்பவனை நம்பலாகாது என்பது அவர் வாதம். அத்தா சிவாஜி கட்சி. பாகவதர் பாடுகிறார், ஆனால் சாகப்போகிறவன் முகம் அவரிடம் இல்லை; சிவாஜியின் கண்ணிலே சாவு முன்கூட்டியே தெரிகிறது என்பார். பெரியத்தா இரு கட்சியிலும் சேராதவர். பாட்டும் கூத்தும் கலந்த காதற்கதையைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசுவதே தகாது என்று எழுந்து போய்விடுவார்.

தமிழாசிரியர்களின் மாறுபாடு வேறு வகையினது. மூவருலாவும் தக்கயாகப் பரணியும் பாடிய ஒட்டக்கூத்தரைப் பொறாமைக்காரர் ஆக்கிய பழி இக்கதைக்கு உண்டு என்று மனம் நொந்தவர் பலர். திரைப்படத்தைப் பார்த்தவன் கூத்தரின் நூலைத் தொட மாட்டான் என்று என் ஆசிரியர் ஒருவர் கூறுவார். அவ்வருத்தம் நியாயமானதே. படம் பார்க்கும் இளைஞர்க்கு மூவருலாவையும் எடுத்துக் காட்டுவது ஆசிரியர் கடமை.

பெரியத்தா எழுப்பிய ஐயத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. காதற்பாட்டு நம்மவர்க்கு உரியதா என்று கேட்போர் இன்றும் உள்ளனர். இதற்கு நம் மரபிலேயே விடை உண்டு. பாரசீகக் கவிஞர் நிஜாமி 1188-இல் லைலா மஜ்னூன் காப்பியத்தை இயற்றினார். அங்கும் பாட்டே குற்றமாயிற்று. கைஸ் என்னும் அவ்விளைஞன் அவள் பெயரை ஊரறியப் பாடித் திரிந்தான். அதனாலேயே பெண்ணின் தந்தை மணம் மறுத்தார். ஊரார் அவனுக்கு மஜ்னூன், அதாவது பித்தன், என்று பெயரிட்டனர். சூஃபி ஞானியரோ அப்பித்திலே இறைக்காதலின் சாயலைக் கண்டனர். அக்கதையும் 1950-இல் டி.ஆர். மகாலிங்கம் நடிக்கத் தமிழ்ப்படமாயிற்று. கம்பரும் நமக்கு அயலார் அல்லர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் கம்பரின் காப்பிய நெறியைப் பின்பற்றியவர். நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல், வாலிவதம் முறையா என ஆராய்ந்து ‘மூன்று வினாக்கள்’ எழுதினார். தீர்ப்பு எழுதிய கை காப்பியத்தின் நீதியையும் விசாரித்தது.

முடிவு பற்றிய கருத்துவேறுபாடோ நம் காலத்தில் புதிய உருக் கொண்டது. 2013-இல் வெளியான ‘ராஞ்ஜனா’ என்னும் இந்திப் படம் தமிழில் ‘அம்பிகாபதி’ என்ற பெயரோடு வந்தது. கதை வேறு, காதலன் மாள்வது மட்டும் ஒன்று. 2025 ஆகஸ்டில் அத்தமிழ்ப் படத்தின் இறுதிக் காட்சியைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, நாயகன் பிழைப்பதாக அமைத்து மீண்டும் திரையிட்டனர். இயக்குநரும் நாயக நடிகரும் இதனை எதிர்த்தனர். பார்த்தவர்களிலோ மகிழ்ந்தவரும் உண்டு, வெறுத்தவரும் உண்டு. பிழைக்க வேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசையே. ஆனால் பொறி ஒன்று பிணத்தின் கண்ணைத் திறந்து வைப்பதால், அவனைச் சாவுக்கு அனுப்பியவர்களின் மனம் மாறிவிடுவதில்லை.

எம் துறையின் இலக்கிய மன்றத்தில் மாணவர்க்கு 1957-ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிட்டுப் பின்னர் கலந்துரையாடினோம். கறுப்பு வெள்ளைப் படத்தை முழுதாகப் பார்த்தறியாத பிள்ளைகள் அவர்களுள் பலர். குற்றம் யாருடையது என்று கேட்டேன். எண்ணத் தவறிய அமராவதி என்றான் ஒருவன். அடங்கத் தெரியாத அம்பிகாபதி என்றான் மற்றொருவன். மன்னன் என்றும் கூத்தர் என்றும் குரல்கள் எழுந்தன. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, ஒரு பாட்டுத்தானே குறைந்தது? இன்னும் ஒன்று பாடு என்று அந்தச் சபையில் யாராவது சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

இத்தனை ஆண்டுகள் இக்கதையைப் பாடமாகச் சொல்லிவந்தும் இவ்வினாவை நான் கேட்டதில்லை. என் காதிலும் அது விழுந்ததில்லை. பாகவதரா சிவாஜியா என்று எங்கள் வீடு வழக்காடியது. கம்பரா கூத்தரா என்று புலவர் உலகம் வழக்காடியது. எண்ணிக்கை ஒன்று பிசகியபோது அவையில் இருந்தவர் என்ன செய்தனர் என்பதே கதையின் உயிர்நிலை. தொண்ணூற்றொன்பது பாடல்கள் பாடியவனுக்கு நூறாவது பாடல் அரிதன்று. காப்பும் பாடல்தான் என்று வாதாடத் தமிழறிந்தவர்க்கு இடமும் இருந்தது. பெற்ற தந்தை கலங்குவது இயல்பு. பெறாதவர் எழுந்து வாதாடி அவனை மீட்டதாக இக்கதை எங்கும் வழங்கவில்லை. அன்று விருந்தில் பாதிப்பாட்டைத் திருப்பிக் காத்த தமிழ், பின்னர் அவையில் வாய் மூடிக்கொண்டது. அவையோர் பாட்டைக் கேட்க அமரவில்லை. பிழையை எதிர்நோக்கி அமர்ந்தனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் புகாரி நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரீரா என்னும் பெண், தன் கணவர் முகீஸை விட்டுப் பிரியும் உரிமையைப் பயன்படுத்தினார். முகீஸோ தாடி நனையக் கண்ணீர் வடித்து மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். நாயகம் அக்காதலைக் கண்டு நகைக்கவில்லை; பழிக்கவுமில்லை. பரீராவிடம் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று அப்பெண் கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அத்துடன் அது முடிந்தது. அழுதவனுக்காகப் பேச ஒருவர் இருந்தார். மறுத்தவளின் மறுப்புக்கும் மதிப்பு இருந்தது. அக்குலோத்துங்கன் அவையில் இவ்விரண்டுமே இல்லை.

நான் கல்லூரியில் பயின்ற நாளில் பெரியத்தாவின் மகள் ஒருவரை மணக்க விரும்பினார். பையன் நம் மார்க்கத்தவரே. வசதியற்ற வீட்டுப் பிள்ளை. அக்கா படிப்பதை நிறுத்தினார்கள். சொந்தங்கள் கூடி அவர் எப்போது எவரோடு பேசினார் என்று நாள் வாரியாகக் கணக்கெடுத்தனர். அத்தா மட்டும் மூன்று இரவுகள் தொடர்ந்து அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போனார். “அண்ணே, வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பையனை ஒரு தடவை பாத்துப் பேசிட்டு அப்புறமாச் சொல்லுங்க” என்பதே அவர் வேண்டுகோள். முதலிரண்டு இரவும் பெரியத்தா வாய் திறக்கவில்லை. மூன்றாம் இரவு, “நாளைக்கு அசருக்கு அப்புறம் கூட்டிட்டு வா” என்றார். நிக்காஹ் நடக்க மேலும் ஓராண்டு ஆயிற்று. பெரியத்தா பள்ளிவாசலில் பின்வரிசையிலேதான் அமர்ந்தார், ஆயினும் வந்திருந்தார். அக்காவின் பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குச் செல்கின்றனர்.

எல்லா விருப்பமும் நல்ல விருப்பம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் அச்சத்தில் பெருமளவு அன்பும் உண்டு. இளையோர் உறுதியில் சிறிதளவு அறியாமையும் உண்டு. ஆனால் ‘ஆணவக்கொலை’ என்னும் சொல் நாளிதழில் பழகிப்போன நாட்டில் வாழ்கிறோம். வயது வந்த இருவரின் மணத்தில் குடும்பமோ ஊர்க்கூட்டமோ தலையிட்டுத் தடுப்பது சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நூலில் இருக்கும். அதனை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவர மனிதர் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இரு படங்களையும் பாருங்கள். பாகவதரையும் சௌந்தரராசனையும் பானுமதியையும் செவிகுளிரக் கேளுங்கள். எது உயர்ந்தது என்று வேண்டுமட்டும் வாதிடுங்கள்; கலைச்சுவை வாதத்தில்தான் வளரும். கூத்தரை நூல்வழி அறிந்து அவருக்கு நேர்ந்த பழியையும் துடையுங்கள். சமுதாயப் பெரியோர்களிடம் பணிவோடு ஒன்று வேண்டுகிறேன். உங்கள் முன்னிலையில் ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும் நாள் வரலாம். அன்று அதன் பிழைகளை எண்ணிக் கொடுக்க ஆள் பலர் இருப்பர். அதற்காக ஒரு வார்த்தை பரிந்து பேசும் ஒருவராக நீங்கள் இருங்கள். பேசிய பின்னும் முடிவு மறுப்பாகவே இருக்கலாம். மறுக்கப்பட்ட பிள்ளையும் உயிரோடும் மதிப்போடும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.