என் முன்னிலையில்

மாநகராட்சி ஒன்றின் சுகாதாரப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்தில் மாதந்தோறும் ஒரு பொய்யின் கீழ் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அதற்காக யாரிடமும் நான் காசு வாங்கவும் இல்லை. காசு வாங்காததாலேயே நேர்மையானவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அது என்ன பொய் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21-ஆவது பிரிவு கூலி பற்றியது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது வேலையை ஒப்படைத்த நிறுவனத்தின் பிரதிநிதி நேரில் இருந்து, கொடுத்த தொகைக்குச் சான்று தர வேண்டும் என்று அது சொன்னது. ஒப்பந்ததாரர் கொடுக்காமல் விட்டாலோ, குறைத்துக் கொடுத்தாலோ, அந்த நிறுவனமே கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வார்டுகளில் குப்பை அள்ளும் வேலை ஒப்பந்ததாரரிடம் இருந்தது; அவற்றுக்கு அந்தப் பிரதிநிதி நான்தான். கூலிப் பதிவேட்டின் அடியில் 'என் முன்னிலையில் வழங்கப்பட்டது' என்று இருக்கும். பட்டுவாடா நடந்த இடத்துக்கு நான் போனதே இல்லை. சூப்பர்வைசர் பதிவேட்டை என் மேசைக்கே கொண்டுவருவார். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்திடுவேன்.

இத்தனைக்கும் எல்லாவற்றிலும் அலட்சியமாக இருந்தவனல்ல நான். அள்ளிய குப்பைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்தோம். எடைச்சீட்டையும் லாரி எண்ணையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஈரமண்ணைக் கலந்து எடை கூட்டியிருந்தால் பில்லில் கழித்துவிடுவேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தச் சீட்டுகளைக் கேட்பார்கள் என்று தெரியும். அள்ளியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கப்படாததை நானும் பார்க்கவில்லை.

வருங்கால வைப்புநிதிக்கென்று அவர்கள் கூலியில் 12 விழுக்காடு பிடிக்கப்பட்டது. பிடித்ததற்கான கணக்கை ஒவ்வொரு மாதமும் முடிந்த 7 நாளுக்குள் ஒப்பந்ததாரர் எங்களிடம் தர வேண்டும் என்பது விதி. வராத மாதங்களில் நான் கேட்கவில்லை. பில்லை நிறுத்தினால் அவர் வண்டியை நிறுத்துவார், இரண்டே நாளில் தெரு நாறும், கவுன்சிலரிடமிருந்து போன் வரும், ஆணையர் கூப்பிடுவார். இதுதான் என் பயம். அந்தப் பயத்தை நிர்வாகத் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் தூய்மைப் பணியாளர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கணவருக்கு உடம்பு சரியில்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனால், பணம் கட்டப்படவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "மாசாமாசம் பிடிக்கிறாங்களே சார், அது எங்க போச்சு?" என்று கேட்டார். "அதை கான்ட்ராக்டர்கிட்டதான்மா கேக்கணும்" என்றேன். முதலில் அங்கேதான் கேட்டிருக்கிறார். கார்ப்பரேஷனில் பில் பாஸாகவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாத பில் என் கையெழுத்தோடு முன்பே பாஸாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடம் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து வேறொருவர் வந்தார். பழையவர் தன் பிணை வைப்புத் தொகையைத் திருப்பிக் கேட்டார். தொழிலாளர் பாக்கி எதுவும் இல்லை என்று என் பிரிவு சான்று தந்தால்தான் அது விடுவிக்கப்படும். கட்டாமல் விட்டதை ஈடுகட்ட எங்கள் கையில் மிச்சமிருந்தது அந்தப் பணம் மட்டுமே. ஒரு பெண் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகும், பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதே ஆட்கள் அதே தெருக்களில் புது ஒப்பந்ததாரரிடம் புது ஆட்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பழைய கணக்கைக் கேட்க அவர்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

2025 ஆகஸ்டில், சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூடுதல் சம்பளத்துக்கான போராட்டம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத நிலைக்குத் தள்ளப்படுவதன் கொடுமை அவர்களுக்குத் தெரியும். அந்த நிலையை உண்டாக்கியவர்களில் ஒருவனான எனக்கும் தெரியும். வேலையைத் தனியாரிடம் கொடுக்கலாமா கூடாதா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். கொடுத்த பிறகு எங்கள் பொறுப்பு இல்லை என்று சொல்ல எங்களுக்குச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. இல்லாத இடத்தை எங்கள் கையெழுத்துகளால் நாங்களே உண்டாக்கிக்கொண்டோம்.

இன்று அந்த நாற்காலியில் இருக்கும் தம்பி, தங்கைகளே, பிணைத்தொகைக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது பெயர்ப்பட்டியலையும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. செலுத்திய ரசீதுகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.